மொனாங்கஹீலா ஆற்றின் உப்புக் கணக்கு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஃபேர்மான்ட் நகரருகே இரண்டு ஆறுகள் கூடி மொனாங்கஹீலாவாகின்றன. அங்கிருந்து அது வடக்கு நோக்கிச் சுமார் 210 கிலோமீட்டர் ஓடிப் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க்கில் அலெகெனி ஆற்றுடன் சேர்கிறது. அதன் இரு கரைகளிலும் நிலத்தடியில் பிட்ஸ்பர்க் நிலக்கரிப் படுகை பரந்து கிடக்கிறது. பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகளை எரியவைத்தது அந்தக் கரிதான். ஆற்று நீர் கெட்ட கதையும் அந்தக் கரியிலிருந்துதான் தொடங்குகிறது.

நிலக்கரியோடு சேர்ந்திருக்கும் பைரைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் உண்டு. சுரங்கம் தோண்டியதும் காற்றும் நீரும் அதைத் தொடுகின்றன. கந்தக அமிலம் உண்டாகி, இரும்பைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்குகிறது. அமிலம் சற்றுத் தணியும் இடத்தில் அந்த இரும்பு செம்மஞ்சள் சேறாகக் கூழாங்கற்களின்மேல் படிந்து, அவற்றை ஒட்டி வாழும் புழுபூச்சிகளை மூடிவிடுகிறது. இவை போனால் மீனும் போகும். பென்சில்வேனியா 1937-இலேயே ஆறுகளின் தூய்மைக்குச் சட்டம் இயற்றியது. ஆனால் சுரங்க நீருக்குப் பெரும்பாலும் அதில் விலக்கு இருந்தது. 1965-இல் வந்த திருத்தமே அந்த விலக்கை நீக்கியது. 1977-இல் கூட்டாட்சி அரசின் சுரங்கச் சட்டம் வந்தது. சுரங்க நீரைச் சுண்ணாம்பு கலந்து சுத்திகரித்து விடுவது வழக்கமாயிற்று. அமிலம் தணிந்தது, இரும்பு அடியில் தங்கியது, ஓடை தெளிந்தது. கரைந்த சல்பேட் உப்போ அப்படியே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாததால் அதை நெடுங்காலம் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

2008 இலையுதிர் காலத்தில் மழை குறைந்து ஆறு வற்றியபோது அந்த உப்பு வெளிப்பட்டது. நீரில் கரைந்த மொத்த உப்பின் அளவு, குடிநீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியது. அப்போதுதான் மார்செலஸ் என்ற ஆழமான களிப்பாறை அடுக்கிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழில் அப்பகுதியில் சூடுபிடித்திருந்தது. கிணறுகளிலிருந்து வெளிவந்த உவர்நீரை லாரிகளில் ஏற்றி நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களில் கொட்டினார்கள். அந்த நிலையங்களுக்கு உப்பைப் பிரிக்கும் வசதி கிடையாது. நிலையத்தின் அன்றாட நீரோட்டத்தில் 1 சதவீதத்துக்கு மேல் உவர்நீரை ஏற்கக்கூடாது என்று பென்சில்வேனியாவின் சுற்றுச்சூழல் துறை அந்த அக்டோபரில் உத்தரவிட்டது. குற்றம் முழுவதையும் எரிவாயுத் தொழிலின்மேல் போடப் பலரும் தயாராயிருந்தனர்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் ஆற்றிலும் துணையாறுகளின் முகத்துவாரங்களிலும் தொடர்ந்து மாதிரி எடுக்கத் தொடங்கியது. உப்பின் செறிவோடு ஓட்டத்தின் அளவையும் அது சேர்த்துக் கணக்கிட்டது. இரண்டையும் பெருக்கினால்தான் ஓர் ஓடை ஆற்றில் எத்தனை டன் உப்பைச் சேர்க்கிறது என்று தெரியும். உப்பின் வகையும் பேசியது. சுரங்க நீரில் சல்பேட் மிகுந்திருக்கும்; எரிவாயுக் கிணற்று நீரில் குளோரைடும் புரோமைடும் மிகுந்திருக்கும். மொனாங்கஹீலாவில் மேலோங்கி நின்றது சல்பேட். பெரும்பங்கு பழைய நிலக்கரித் தொழிலுடையது என்பது அளந்து பார்த்த பிறகே நிலைபெற்றது. அதைக் கொண்டு நிலக்கரி நிறுவனங்கள் 2010 முதல் ஆற்றில் நீர் பெருகும்போது கூடுதலாகவும் வற்றும்போது குறைவாகவும் சுரங்க நீரைத் திறந்துவிடத் தாமாகவே ஒப்புக்கொண்டன. சல்பேட்டால் கெட்டது என்று பென்சில்வேனியா பட்டியலில் சேர்த்திருந்த ஆற்றுப் பகுதி 2014-இல் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. இதில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இதனால் எரிவாயுத் தொழிலைப் பற்றிய அச்சம் வீண் என்றாகிவிடாது. உவர்நீரிலுள்ள புரோமைடு, குடிநீர் நிலையத்தில் குளோரினோடு சேரும்போது டிரைஹாலோமீத்தேன் என்ற தீங்கான சேர்மங்களை உண்டாக்கும். 2011-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நகரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள தொழிற்பூங்காவில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு அருகே இரண்டு எரிவாயுக் கிணறுகள் தோண்டப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். நகர எல்லையிலிருந்து ஒரு மைல் வரை நீரைச் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைத் தடைசெய்து நகர மன்றம் ஜூனில் தீர்மானம் போட்டது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கே உரியது என்று கூறி ஆகஸ்டில் நீதிமன்றம் தடையை ரத்துசெய்தது.

அதே தொழிற்பூங்காதான் 2014-இல் மார்செலஸ் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் ஆய்வுக்களமாயிற்று. கூட்டாட்சி எரிசக்தித் துறை பணம் கொடுத்தது. மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆய்வை ஏற்றன. 2015-இல் மேலும் இரண்டு உற்பத்திக் கிணறுகளும் ஆய்வுக்கென்றே ஒரு செங்குத்துக் கிணறும் தோண்டப்பட்டன. மார்செலஸ் பாறை அங்கே ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைப் பிளக்க ஒவ்வொரு கிணற்றுக்கும் சில கோடி லிட்டர் நீர் தேவைப்பட்டது.

தோண்டுவதற்கு முன்பே ஆற்றில் மேலேயும் கீழேயும் மாதிரி எடுக்கப்பட்டது இக்களத்தின் சிறப்பு. இத்தகைய வேலையில் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு முறை உண்டு. உலோகங்களுக்கான நீரை வடிகட்டி, அவை குப்பியின் சுவரில் ஒட்டாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். கரைந்த வாயுவுக்கான குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கவிடாமல் தளும்ப நிரப்பி மூடுவார்கள். பனிக்கட்டிப் பெட்டியோடு, குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற படிவமும் போகும். வழக்கு என்று வந்தால் எண்ணுக்கு மதிப்பு அந்தப் படிவத்தால்தான்.

2015 டிசம்பரில் கிணறுகளிலிருந்து நீர் திரும்பி வரத் தொடங்கியது. உள்ளே அனுப்பிய நீரில் உப்பு கொஞ்சம்தான். வெளியே வந்ததில் சோடியம், கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், குளோரைடு எல்லாம் வேகமாக ஏறின. வெளிவரும் நீரின் அளவு குறையக் குறைய உப்பின் செறிவு கூடியது. பாறையிலிருந்து வரும் கதிரியக்க ரேடியமும் அப்படியே கூடியது. துளையிடும் சேற்றுக்குத் தீங்கு குறைந்த செயற்கைத் திரவத்தைப் பயன்படுத்தியதால், வெளிவந்த பாறைத்தூள் அரசின் கசிவுச் சோதனையில் ஆபத்தான கழிவு என்ற வகைக்குள் வரவில்லை. ஆகவே முழுக் கவனம் வேண்டியது உவர்நீருக்கே: அது சேரும் தொட்டிக்கு, லாரிக்கு, கடைசியில் இறக்கும் இடத்துக்கு.

ஒரு குறையும் இருக்கிறது. 2015-க்கு முந்தைய அளவு, எரிவாயு வருவதற்கு முந்தைய அளவு அல்ல. அதே கிணற்று மனையில் 2011-இன் கிணறுகள் ஏற்கெனவே இருந்தன. நிலக்கரிக்கு முன் அந்த ஆறு எப்படியிருந்தது என்பதற்கோ கணக்கே இல்லை. 2019-இல் ஆய்வு அதே மாவட்டத்திலுள்ள போகஸ் என்ற கிணற்று மனையின் ஆறு புதிய கிணறுகளுக்கு விரிந்தது. களத்தின் அளவுகள் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளன.