மருந்தும் போதையும்: பினாங்கு வரலாறு தரும் பாடம்

மலாய் மொழியின் 'டாடா' என்னும் சொல் முற்காலத்தில் மருந்துச் சரக்கைக் குறித்தது. இன்று போதைப்பொருளைக் குறிக்கிறது. ஒரே பொருள் மருந்தாகவும் போதையாகவும் அமையக்கூடும் என்பதற்கு இப்பொருள்மாற்றம் நல்ல சான்றாகும். மருத்துவர் தரும் மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படும் சிக்கலைப் பினாங்கின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரையில் நோக்குவோம்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தூட்டுபவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. இவற்றுள் ஒன்று நீங்கினும் மருந்து தன் நிலை திரியும் என்பதே நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கு அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கடும் உழைப்பால் வந்த வலியைத் தணிக்கத் தொழிலாளர் பலர் அபினை நாடினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினால் வந்தது. 1910இல் அரசே அவ்வணிகத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. இங்கு மருந்து இருந்தது, மருத்துவர் இல்லை.

இந்நிலையை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் 1879இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய அவர், சூலியா தெருவில் மருத்துவம் பார்த்தவாறே அபின் எதிர்ப்பு இயக்கத்தை வழிநடத்தினார். 1906இல் அவர் கூட்டிய மாநாட்டில் ஏறத்தாழ 2000 பேர் கலந்துகொண்டனர். மறு ஆண்டே அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. ஓர் அவுன்சு அபின் கரைசல் வைத்திருந்தமைக்காக அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. குத்தகைக் கடையில் வருவாயாகக் கருதப்பட்ட அபின், மருத்துவரின் அலமாரியில் குற்றமாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. ஹெராயின் அடிமைகளுக்குச் சிகிச்சையளிக்கும் புப்ரெனார்பின் மாத்திரை 2000களின் தொடக்கத்தில் மலேசியத் தனியார் மருந்தகங்களில் புழக்கத்திற்கு வந்தது. நாவின்கீழ் வைத்துக் கரைக்க வேண்டிய அதனைச் சிலர் நீரில் கரைத்து ஊசிவழி ஏற்றினர். மிடாசோலம் என்னும் தூக்க மருந்தையும் உடன் சேர்த்தனர். இவ்விரண்டும் சேரும்போது மூச்சு ஒடுங்கி உயிரிழப்பு நேரலாம். ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி. பரவும். ஆகவே, 2006இல் அம்மாத்திரைக்கு மாற்றாக, ஊசிவழிப் பயன்பாட்டைத் தடுக்கும் நலோக்சோன் கலந்த மாத்திரை கொண்டுவரப்பட்டது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2010இல் வெளியிட்ட ஆய்வு, அதன் பின்னரும் ஊசிப் பழக்கம் முற்றாக ஒழியவில்லை எனக் காட்டிற்று. இங்கு மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. உடனிருந்து மருந்தூட்டுபவர் இல்லை. 2005இல் தொடங்கிய அரசின் மெத்தடோன் திட்டத்தில் பணியாளர் முன்னிலையில் மருந்தருந்தும் முறை அமைந்தமை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

மலேசியத் தனியார் மருந்தகங்களில் மருந்தை எழுதுபவரும் வழங்குபவரும் பெரும்பாலும் ஒருவரே. மருந்தாளுநரின் இரண்டாம் பார்வை அங்கு அமைவதில்லை. அதனால் இல்லத்தாரின் கண்காணிப்பு மேலும் இன்றியமையாததாகிறது.

டத்தோ கிராமாட் சாலையை ஒட்டி 19ஆம் நூற்றாண்டிலேயே சிறைச்சாலை எழுந்தது. சிறை குற்றவாளியை அடைத்துவைக்கும். வீட்டு அலமாரியில் எஞ்சிக் கிடக்கும் தூக்க மாத்திரையையும் இருமல் மருந்தையும் அது காவல் காக்காது. அப்பொறுப்பு அச்சாலையைச் சூழ வாழும் குடும்பங்களுக்கும் அவர்தம் பிள்ளைகளைக் கற்பிப்போருக்கும் உரியது. போதைப்பொருளைத் தீயோர் கொண்டுவரும் அயற்பொருளாக மட்டுமே பள்ளியில் கற்பித்தால், மருத்துவச் சீட்டுடன் இல்லம் புகும் பொருளை மாணவர் ஐயுறமாட்டார். ஆகவே, 'மருந்து' அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் அந்த நான்காம் கூற்றையும் விளக்கி, ஒருவருக்கு அளித்த மருந்தை இன்னொருவர் உண்ணலாகாது என்பதையும் சேர்த்துரைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.