ஒற்றைக்கண்ணைப் பெயர்த்தவர்கள்

2017-ல் ஸீ-ட்வெல்லர் டைவ் வாட்ச் வந்து ஐம்பது வருடம் ஆனதற்காக ரோலெக்ஸ் ஒரு புது மாடலை வெளியிட்டது. 43 மி.மீ. அகலம், டயலில் சிவப்பு எழுத்தில் பெயர். கூடவே, கண்ணாடியில் தேதிக்கு மேலே ஒரு குட்டி லென்ஸ். அதற்கு முன் எந்த ஸீ-ட்வெல்லரிலும் அது இருந்ததில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்களில் சிலர், வாட்ச் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அந்த லென்ஸை மட்டும் பெயர்த்து எடுக்கச் சொன்னார்கள்.

காசு இருக்கிறவனின் கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அதில் நான் லென்ஸைப் பெயர்த்தவர்கள் பக்கம்.

லென்ஸின் பெயர் சைக்ளாப்ஸ், கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன். 1950-களில் டேட்ஜஸ்ட் என்ற மாடலில் வந்தது. தேதியை இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். டேட்ஜஸ்ட், சட்டைக் கைக்குள் ஒளிந்திருந்து மீட்டிங்கில் மெல்ல எட்டிப் பார்க்கும் வாட்ச். அங்கே லென்ஸுக்கு வேலை இருந்தது. 1960-களின் இறுதியில் தேதி காட்டும் சப்மரீனருக்கும் அது வந்து சேர்ந்தது. ஸீ-ட்வெல்லர் பிறந்தது வேறொரு வீட்டில்.

1964-ல் அமெரிக்கக் கடற்படை ஸீலேப் என்ற சோதனையைத் தொடங்கியது. பெர்முடா அருகே, 58 மீட்டர் ஆழத்தில், ஒரு இரும்புக் கூட்டுக்குள் நான்கு பேர் பதினோரு நாள் தங்கினார்கள். அங்கே அழுத்தம் தரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் மனிதனை மயக்கும் என்பதால், சுவாசிக்கப் பெரும்பாலும் ஹீலியம் கலந்த காற்று. ஹீலியம் அணு ரொம்பப் பொடிசு. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களைத் தாண்டி, நாள்கணக்கில் மெல்ல மெல்ல வாட்சுக்குள் போய்விடும். கீழே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மேலே வரும்போது வெளியழுத்தம் குறையும். உள்ளே போன ஹீலியத்துக்கு அதே வேகத்தில் வெளியேற வழி கிடையாது. கண்ணாடி டப்பென்று தெறித்துவிடும்.

ஸீலேப் குழுவில் இருந்த ராபர்ட் பார்த் இதைக் கவனித்தவர் என்று சொல்வார்கள். எனக்குப் பிடித்த இடம் இது. அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. உள்ளேயிருந்து தள்ளுவதை யாரும் யோசிக்கவில்லை. மென்பொருளில் உள்ளே வரும் டேட்டாவை ஆயிரம் தடவை சோதிப்போம், வெளியே போவதை அம்போவென விட்டுவிடுவோமே, அதே கதை.

ரோலெக்ஸின் பதில், கேஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு. உள்ளழுத்தம் கூடினால் தானாகத் திறந்து ஹீலியத்தை வெளியே விடும். 1967-ல் அந்த வால்வோடு வந்ததுதான் ஸீ-ட்வெல்லர், 610 மீட்டர் ஆழத்துக்கு. மார்சேயில் இருந்த கோமெக்ஸ் என்ற ஆழ்கடல் நிறுவனத்துக்காக, சாதாரண சப்மரீனரிலேயே வால்வு பொருத்தியும் கொடுத்தார்கள். அதாவது இந்த வாட்சின் பரம்பரையே மாற்றியமைத்ததில் தொடங்கியதுதான். கண்ணாடியைக் காப்பாற்றத்தான் அந்த வால்வே வந்தது.

அன்றைய கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். கீறல் விழும், பாலிஷ் போட்டால் போய்விடும், ரொம்பப் பழசானால் சர்வீஸில் கழற்றிப் புதிது போடுவார்கள். பிரேக் ஷூ மாதிரி தேயும் சாமான். 1960-ல் ட்ரியெஸ்ட் நீர்மூழ்கியின் வெளியே கட்டப்பட்டு, மரியானா அகழியில் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம் போய் வந்த ரோலெக்ஸுக்கும் அரைக்கோளமாக உப்பிய அக்ரிலிக்தான். இன்றைக்குப் பழைய வாட்ச் சேகரிப்பவர்கள், தேய்ந்தால் தூக்கிப்போடச் செய்த அந்தப் பிளாஸ்டிக்கின் 'ஒரிஜினல்' துண்டுக்காக அலைகிறார்கள். அதுதான் எனக்குக் கிறுக்காகப் படுகிறது.

1978 வாக்கில் ஸீ-ட்வெல்லருக்குச் செயற்கை நீலக்கல் கண்ணாடி வந்தது. மோஸ் அளவில் கடினம் 9, மணல் கீறாது. ஆனால் விலை உண்டு. செங்குத்தாக விழும் ஒளியில் அக்ரிலிக் ஒரு பரப்புக்குச் சுமார் 4 சதவீதம் திருப்பி அனுப்பும், நீலக்கல் கிட்டத்தட்ட 8 சதவீதம். அதன் மேல் இன்னொரு நீலக்கல் லென்ஸை ஒட்டினால், பக்கவாட்டில் பார்க்கும்போது தேதி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும்.

பெயர்ப்பதில் பெரிய ரகசியம் இல்லை. லென்ஸ் பசையால் ஒட்டியது. சூடாக்கினால் பசை இளகும். அவசரக்காரர்கள் கண்ணாடி வாட்சில் இருக்கும்போதே சுடரைக் காட்டுவார்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையம் உருகினால் டைவ் வாட்ச் என்ற பெயர் அன்றோடு சரி. தெரிந்தவர்கள் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி, சூடாக்கி, பசையைத் துடைத்து, புது வளையம் வைத்துப் பொருத்துவார்கள். வெளியாள் கை பட்டால் கம்பெனி வாரன்டி போய்விடும். ஸீலேப் காலத்து டைவர் வாட்சைக் கருவியாக நினைத்தார். இன்றைய சட்டம் அதை முத்திரை போட்ட பெட்டியாக நினைக்கிறது. காசு கொடுத்தவன் தன் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாகச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. தண்ணீர் அழுத்தத்தில் வைத்து எடுத்த வாட்சை வெதுவெதுப்பான தட்டில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, அந்தச் சொட்டு இருந்த இடத்துக்கு அடியில் பனி படர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்.