சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து மரபணு வரை

சேலம், நாமக்கல் சமவெளிகளின் மேய்ச்சல் நிலங்களில் மேச்சேரி ஆடு என்றொரு செம்மறி இனம் வளர்க்கப்பட்டு வருகிறது. மேட்டூரை அடுத்த மேச்சேரி என்னும் ஊரின் பெயரே இனத்தின் பெயராயிற்று. வெளிர் பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, உடலோடு படிந்த குட்டை உரோமம் ஆகியவை இதன் அடையாளங்கள். கத்தரித்துக் கம்பளி நெய்ய இதன் உரோமம் உதவாது. ஆயினும் இதன் தோலுக்கு வணிகர்களிடையே தனி மதிப்புண்டு.

தோல் வாணிபம் நம் சமுதாயத்தோடு எத்துணை நெருங்கியது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொழிலில் பெயர்பெற்ற வாணியம்பாடி, 1911 வரை சேலம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்ட சென்னை மாகாணத்துத் தோல்கள் கடல் கடந்து இலண்டன் சந்தைவரை சென்றன. பதனிடும் கூடத்தில், நீரில் ஊறிய தோல் அடுத்து இறங்குவது சுண்ணாம்புத் தொட்டியில். சில நாட்கள் கழித்து எடுத்தால் உரோமம் கத்தியின் இலேசான தீண்டலுக்கே வழிந்து வந்துவிடும். தோலோ சிதையாமல் நிற்கும். ஒரே உடலில் ஒட்டி வளர்ந்த இரண்டில், ஒன்று சுண்ணாம்புக்கு இளகுவதும் மற்றொன்று தாங்கி நிற்பதும் ஏன்? தொழிலாளி இந்த உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். அதன் காரணத்தை அறிய உலகம் இருபதாம் நூற்றாண்டுவரை காத்திருந்தது.

முடியும் நகமும் எதனால் ஆனவை என்ற வினா மிகப் பழையது. கி.பி. 1037-இல் மறைந்த மருத்துவமேதை இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்து இறுதிப் பகுதியில் முடி, தோல், நகம் ஆகியவற்றின் நோய்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். உடலினுள் எழும் புகை போன்ற ஆவி, தோலின் நுண்துளைகளில் உறைந்து முடியாகிறது என்பது கிரேக்கர் காலந்தொட்டு வந்த கொள்கை. அவரும் அதனையே தழுவினார். அணுக்களின் அமைப்பைக் காட்டும் கருவி ஏதுமில்லாத காலத்தில் அதற்குமேல் செல்ல வழியில்லை.

முடி, நகம், கொம்பு, குளம்பு ஆகியவற்றின் மூலப்பொருள் கெராட்டின் என்னும் புரதம். கொம்பைக் குறிக்கும் 'கெராஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் உதிரும் இறகும், அமைப்பில் வேறுபட்டதாயினும், கெராட்டினே. இதன் உள்ளமைப்பை அறியும் முயற்சி ஆட்டு உரோமத்திலிருந்தே தொடங்கியது. கம்பளித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், வில்லியம் ஆஸ்ட்பரி என்ற அறிஞர் 1930-களில் கம்பளி இழையின் ஊடே எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படமெடுத்தார். இழையை ஈரமாக்கி இழுத்தபோது படம் மாறியது. விட்டபோது பழைய நிலைக்குத் திரும்பியது. ஆகவே உள்ளே ஏதோ ஒன்று மடிந்தோ சுருண்டோ இருக்கவேண்டும் என்று அவர் உணர்ந்தார். அச்சுருள் திருகு வடிவானது என்பதை 1951-இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங் தம் குழுவினருடன் வெளியிட்டார். ஆல்ஃபா சுருள் என்று அது பெயர்பெற்றது.

முடியின் புதிர் இவ்வாறு மேலைநாட்டில் அவிழ்ந்ததென்றால், தோலின் புதிர் அவிழ்ந்தது நம் சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜி.என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலின் புரதமாகிய கொலாஜன் மூன்று இழைகள் முறுக்குண்ட கயிறு போன்றது என்பதை 1954, 1955 ஆண்டுகளில் நிறுவினார். ஆய்வுக்கு வேண்டிய பொருள் கிடைத்தது, 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து.

இவ்விரண்டு அமைப்புகளும் தெரிந்தபின் சுண்ணாம்புத் தொட்டியின் இரகசியமும் விளங்கலாயிற்று. கெராட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பவை கந்தகப் பாலங்கள். முடி பொசுங்கும்போது எழும் நாற்றம் அக்கந்தகத்தினுடையதே. சுண்ணாம்பின் காரமும் அதனுடன் சேர்க்கும் சல்பைடும் இப்பாலங்களை உடைத்துவிடுகின்றன. தோலின் கொலாஜனில் இப்பாலங்கள் இல்லாமையால் அது தாங்கி நிற்கிறது.

அடுத்த வினா, இந்தக் கெராட்டினைச் செய்யும்படி உடலுக்கு ஆணையிடுவது எது என்பது. ஜீன் எனப்படும் மரபணுவே அந்த ஆணை. மனிதரிடம் கெராட்டினுக்கென 54 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் 17 முடிக்குரியவை. அமில வகை, கார வகை என இவை இரு பிரிவாகி, முறையே 17-ஆம் குரோமோசோமிலும் 12-ஆம் குரோமோசோமிலும் அமைந்துள்ளன. ஒரு பிரிவின் இழை மற்றதன் இழையோடு இணைந்தாலன்றி முடி உருவாகாது. 1997-இல், மணி கோத்தாற்போல் முடி கணுக்கணுவாகி ஒடிந்துபோகும் ஒரு பரம்பரை நோய்க்கு இம்மரபணுக்களில் ஒன்றின் பிழையே காரணம் என்று கண்டனர்.

நம் குடும்பங்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி 2006-இல் வெளிவந்தது. பாகிஸ்தானில் உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள ஒரு குடும்பத்தில், தலையில் முடியின்றியும் நகங்கள் சிதைந்தும் சிலர் பிறந்திருந்தனர். கே.ஆர்.டி. 85 என்ற மரபணுவில் அவர்களுக்குப் பிழை இருந்தது. அது உண்டாக்கும் புரதத்தின் 507 கண்ணிகளில், 78-ஆவதாக நிற்கவேண்டிய அர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் நின்றது. அவ்வளவே! முடியும் நகமும் ஒருங்கே குறைப்பட்டன.

இப்பிழை எவ்வாறு இறங்குகிறது என்பதே முக்கியம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதியில் மட்டும் இப்பிழை உள்ளவர்க்குக் குறையேதும் தோன்றாது. அத்தகைய இருவர் மணமுடித்தால், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பிழைப் பிரதிகளும் சேர்கின்றன. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் மணந்துகொள்ளும்போது, பாட்டன்வழி வந்த பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுதியாகிறது.

மார்க்கத்தில் விலக்கப்பட்ட உறவுகளின் வரிசையில் மாமன் மகளும் அத்தை மகனும், பெரிய தந்தை, சிறிய தந்தையரின் மக்களும் இல்லை. அத்திருமணம் ஆகுமானது, எனினும் கடமையன்று. ஆகுமான ஒன்றைக் கொள்வதும் விடுவதும் நம் அறிவுக்கும் நலனுக்கும் விடப்பட்டவை. முன்னரே இத்தகைய குறை கண்ட குடும்பத்தார், அடுத்த தலைமுறையின் சம்பந்தம் பேசுமுன் மரபியல் வல்லுநர் ஒருவரைக் கலந்தாலோசிப்பதில் தவறேதுமில்லை. குழந்தைக்கு முடி உதிர்வதும் நகம் நலிவதும் பெரும்பாலும் சத்துக்குறைவு முதலிய பிற காரணங்களால் நேர்பவை. ஆதலால் மருத்துவரிடம் காட்டாது தாமே முடிவு கட்டுவதும் கூடாது.

முடியின்றிப் பிறந்த குழந்தையைக் கண்டு, கிரகணத்தில் வெளியே போனாள் என்றும், கண்ணேறு பட்டது என்றும், இவள் வந்த வேளை என்றும் மருமகளைக் குத்திப் பேசும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இத்தகைய பரம்பரைக் குறையில் தாயின் பங்கு எவ்வளவோ தந்தையின் பங்கும் அவ்வளவே என்பதை அந்த ஒரு கண்ணியின் கதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது. அறிந்தே செய்த குற்றம் இருவரிடமும் இல்லை. இதைக் குடும்பத்துப் பெரியவர்கள் உணர்ந்து, இளையவர்களுக்கும் எடுத்துச்சொன்னால், ஓர் இளந்தாயின் கண்ணீரேனும் துடைக்கப்படும்.