549 பணியிடங்களும் பட்டத்தின் விலையும்

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியது. ஏறத்தாழ ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தனர். பொறியாளர்களும் பட்டதாரிகளும் பட்டயப் படிப்பு முடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தொடக்க ஊதியம் 15,700 ரூபாய். ஊடகங்கள் இதை வேலையின்மையின் அவலமாக எழுதின. தலைமுறைகளாக இப்பணியில் தள்ளப்பட்ட அருந்ததியர் குடும்பங்களின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. துடைப்பத்திலிருந்து விடுபடவே அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பட்டம் பெற்ற பின்பும் நிரந்தர ஊதியம் அதே துடைப்பத்தோடுதான் வருகிறது என்றால், அந்தப் பட்டத்தின் பொருளாதார மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

பட்டம் பெற்றவரின் ஊதியத்திலிருந்து பெறாதவரின் ஊதியத்தைக் கழித்து, கிடைப்பதைக் கல்வியின் பலன் என்பது வழக்கமான கணக்கு. ஒரே பட்டம் எல்லோர் கையிலும் ஒரே விலைக்குப் போகும் என்னும் அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சுகதேவ் தோராட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, தகுதியில் நிகரான விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அவர்கள் அனுப்பினர். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கான வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது.

விளம்பரம் வந்த வேலைகளின் நிலையே இது. கொங்கு மண்டலத்தின் வார்ப்படாலைகள், பம்பு பட்டறைகள், பின்னலாடை நிறுவனங்கள் பலவற்றில் வேலை விளம்பரமாக வருவதில்லை. சொந்தபந்தம் வழியாக வருகிறது. திருப்பூர்த் தொழிலதிபர்களிடையே சாதி உறவே மூலதனமாகச் செயல்பட்டதை ஷரத் சாரி விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்த வலைக்கு வெளியே நிற்பவரின் பட்டச் சான்றிதழை வாங்கிப் பார்க்கக்கூட அங்கே ஆளில்லை. இடஒதுக்கீடும் தனியார் துறைக்குள் நுழையவில்லை. ஆகவே நம் மாணவரின் பட்டம் முழு விலை பெறக்கூடிய இடமாக அரசுப் பணியே எஞ்சுகிறது. அதுவும் ஒப்பந்தக்காரர் கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கியது. இவை பயனுள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் விசைத்தறிக்கூடத்தில் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் தறியை விட்டு நகர இயலாத குடும்பத்துக்குக் கல்லூரிக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. பிள்ளை மூன்றாண்டுகள் ஈட்டியிருக்கக்கூடிய கூலியே பெருஞ்செலவு. உதவித்தொகை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முன்பணக் கணக்கில் ஏறுகிறது.

அருந்ததியருக்கு 2009-இல் வழங்கப்பட்ட 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்ததால் உறுதிப்பட்டுள்ளது. கல்லூரி இடத்திலும் அரசுப் பணியிலும் அது கதவைத் திறக்கிறது. உள்ளே சென்றபின் எந்த நாற்காலி என்பது தனிக் கேள்வி. கோவை மாநகராட்சியில் தூய்மைப் பணிக்கென நியமனம் பெற்ற பிற சாதியினர் சிலர் அலுவலக வேலையில் அமர்த்தப்படுவதாகப் புகார் எழுந்தது. அவர்களுக்கும் தெருவில் குப்பை அள்ளிய பட்டியல் சாதிப் பணியாளருக்கும் பணியின் பெயர் ஒன்றே.