மனநோயாளரும் வன்செயலும்: அபாயக் கணிப்பின் வரலாறு

சித்தம் கலங்கியவரால் பிறருக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் மிகப் பழையது. அத்தீங்கை அது நிகழுமுன்பே கண்டு சொல்ல வேண்டியவர் வைத்தியர் என்ற கொள்கையோ இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. 1800-ஆம் ஆண்டில் லண்டன் ட்ரூரி லேன் நாடகசாலையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்ற முன்னாள் போர்வீரர், தலையில் பட்ட வாள்வெட்டுகளால் புத்தி பேதலித்தவர் என்று ஜூரிகளால் விடுவிக்கப்பட்டபோது, அவரை வீதியில் நடமாட விட மனமில்லாத பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதே ஆண்டில் அவசரமாகச் சட்டமொன்று செய்து, இத்தகையோரை மன்னரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்க வழி வகுத்தது. எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும்படி அச்சட்டம் எந்த வைத்தியரையும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் பிரான்சிலேதான் வேர்விட்டது. எஸ்கிரோல் என்ற மனநோய் மருத்துவரும் அவருடைய சீடர்களும், மற்ற எல்லா விஷயங்களிலும் தெளிந்த புத்தியோடு இருந்துகொண்டே கொலை ஒன்றில் மட்டும் வெறி கொள்ளும் நோயொன்று உண்டென்றும், சாதாரண மனிதர் கண்ணுக்கு அது புலப்படாதென்றும் வாதித்தார்கள். பிறர் காணாததைக் காண்பவர் என்ற கௌரவம் இவ்வாறு நியாயஸ்தலத்தில் வைத்தியருக்குக் கிடைத்தது. 1838 ஜூன் 30-ஆம் தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டம், பொது அமைதிக்கோ பிறர் பாதுகாப்புக்கோ பங்கம் விளைவிக்கக்கூடிய நோயாளரை அடைத்து வைக்கும் அதிகாரத்தை அரசின் அதிகாரிகளுக்கு அளித்தது. 1876-இல் இத்தாலியரான லொம்ப்ரோசோ, மண்டையோட்டையும் தாடையையும் அளந்தே பிறவிக் குற்றவாளியை அறியலாம் என்று நூல் எழுதினார். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அந்நூல் செய்த தீங்கு அதிலிருந்த சாஸ்திரத்தைவிடப் பெரிது.

தர்க்கம் பயின்ற நம் முன்னோர் அனுமானத்தை வகை பிரித்துப் பேசுவார்கள். ஆற்றில் புதுவெள்ளம் பெருகி வருவதைக் கண்டு மலையில் மழை பெய்தது என்று கொள்வது ஒரு வகை. மேகம் திரண்டிருப்பதைக் கண்டு மழை பெய்யும் என்று கொள்வது மற்றொரு வகை. முன்னதில் காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிகிறோம். பின்னதில் காரணத்தைக் கொண்டு இனி வரப்போகும் காரியத்தைச் சொல்லத் துணிகிறோம். குறிகளை ஆராய்ந்து நோயை நிதானிக்கும் வைத்தியருடைய வித்தை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ராஜாங்கமும் நியாயஸ்தலமும் அவரிடம் கேட்டதோ இரண்டாவது. இவ்வேற்றுமையை எவரும் பொருட்படுத்தாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. கடைசியில் அதை வெளிப்படுத்தியது அமெரிக்கச் சிறைவாசி ஒருவரின் மனு.

நியூயார்க் மாகாணத்தில், தாக்குதல் குற்றத்துக்காக 1959-இல் தண்டிக்கப்பட்ட ஜானி பாக்ஸ்ட்ராம் என்பவர், தண்டனைக் காலம் முடியும் தறுவாயில் புத்தி பேதலித்தவர் என்று சான்றளிக்கப்பட்டு, சிறை இலாகாவின் பொறுப்பிலிருந்த டேனமோரா மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1961 டிசம்பரில் தண்டனை முடிந்தது, காவல் முடியவில்லை. மற்றக் குடிமக்களை இவ்வாறு அடைப்பதானால் ஜூரி விசாரணை உண்டு, தமக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது என்ற அவருடைய முறையீட்டை ஏற்று, 1966 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் விளைவாக, அவரைப்போலவே டேனமோராவிலும் மேட்டவான் மருத்துவமனையிலும் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்த 967 பேர், சாதாரண மனநோய் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட வேண்டியவரானார்கள். சாதாரண மருத்துவமனைக்குத் தகாத அளவுக்கு அபாயமானவர்கள் என்று வைத்தியர்கள் கையெழுத்திட்டிருந்தவர்கள் இவர்கள். இவர்களை ஏற்கவிருந்த மருத்துவமனைகளில் பணியாளரிடையே பீதி பரவியதும் இயல்பே.

எந்த ஆராய்ச்சியாளரும் தாமாக ஏற்பாடு செய்திருக்க முடியாத பரிசோதனை ஒன்று இவ்வாறு தானே நேர்ந்தது. அபாயமானவர் என்று கணிக்கப்பட்டவரை வெளியில் விட்டுப் பார்த்தாலன்றிக் கணிப்பு சரியா தவறா என்பது விளங்காது. அப்படிக் கணிக்கப்பட்டவரையோ எவரும் வெளியில் விடுவதில்லை. ஆகவே, தவறான கணிப்பும் சரியான கணிப்பும் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரே தோற்றமாகவே இருந்து வந்தன. ஹென்றி ஸ்டெட்மன், ஜோசப் கொக்கோசா என்ற சமூகவியலாளர் இருவர் இந்த 967 பேரையும் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1974-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளில், குற்றம் புரிந்த மனநோயாளருக்கான பழைய மருத்துவமனைகளுக்கு மீண்டும் அனுப்பப்பட வேண்டியிருந்தவர்கள் 26 பேர். பென்சில்வேனியாவில் 1971-இல் இதேபோன்ற மற்றொரு தீர்ப்பினால் ஃபார்வியூ மருத்துவமனையிலிருந்து 586 பேர் மாற்றப்பட்டார்கள். தார்ன்பெரி, ஜேகோபி என்போர் 1979-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு ஆண்டுகளில் பிறருக்கு உடல்தீங்கு செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர். நெடுநாள் காவலில் வயது முதிர்ந்து உடல் தளர்ந்தவர்களைக் கொண்டு இளைஞரைப் பற்றி முடிவு கட்டலாகாது என்று சிலர் மறுத்தார்கள். மறுப்பு நியாயமானதுதான். ஆயினும், ஆண்டுக்கு ஆண்டு அதே சான்றிதழைப் புதுப்பித்து வந்தவர்களுக்கு அம்முதுமை ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு அவர்கள் விடை கூறவில்லை.

பிழை வைத்தியருடைய திறமைக் குறைவில் மட்டும் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. லிவர்மோர், மாம்க்விஸ்ட், மீல் என்னும் மூவர் 1968-இல் ஒரு சட்டப் பத்திரிகையில் இதை எளிதாக விளக்கினார்கள். ஆயிரத்துக்கு ஒருவர் கொலை செய்யக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பிழையின்றிப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்றும் நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால், கொலை செய்யவிருக்கும் 100 பேரில் 95 பேர் அகப்படுவார்கள். கூடவே, ஒருநாளும் கொலை செய்யாத 99,900 பேரில் 4,995 பேரும் அகப்படுவார்கள். அரிதாக நிகழ்வதைக் கணிக்கும் எந்தக் கருவிக்கும் இந்த விதி பொருந்தும். கருவியைக் கூர்மையாக்கலாம், அரிய சம்பவத்தை அரியதல்லாததாக்க ஒருவராலும் இயலாது.

இவ்வளவும் அச்சேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சட்டம் தன் முழுப் பாரத்தையும் அபாயக் கணிப்பின்மீதே இறக்கி வைத்ததைத்தான் இவ்வரலாற்றின் பெரும் முரண்பாடாகக் கருதுகிறேன். நோக்கம் நல்லதே. சிகிச்சை என்ற பெயரால் எவரையும் காலவரையின்றி அடைக்கலாம் என்ற பழைய வழக்கத்தை ஒழிக்க விரும்பிய சீர்திருத்தக்காரர்கள், அபாயமானவரை அன்றி மற்றவரை அடைக்கலாகாது என்று வரம்பு கட்டினார்கள். 1967-இல் கலிஃபோர்னியா செய்த சட்டம் அதற்கு வழிகாட்டியாயிற்று. ஃப்ளோரிடாவில் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் அடைபட்டிருந்த கென்னத் டொனால்ட்சன் வழக்கில், பிறருக்கு அபாயமில்லாமல் தாமாகவோ உற்றார் உதவியாலோ வாழக்கூடியவரை வெறுமனே அடைத்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மனிதாபிமானம் நிறைந்த இத்தீர்ப்பு, பூட்டுக்குச் சாவி ஒன்றையே மிச்சம் வைத்தது. அச்சாவி, வைத்தியரால் நம்பத்தக்க முறையில் சொல்ல இயலாதென்று அப்போதுதான் நிரூபிக்கப்பட்ட அபாயக் கணிப்பு. அடுத்த ஆண்டில் டாரசாஃப் வழக்கின் தீர்ப்பு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமானம் பயின்ற இந்திய மாணவர் ஒருவர், தாம் விரும்பிய டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைத் தம் மனநல ஆலோசகரிடம் வெளியிட்டிருந்தார். ஆலோசகர் பல்கலைக்கழகப் போலீசாருக்குத் தெரிவித்தும், அவர்கள் மாணவரை விசாரித்துவிட்டு விடுவித்தார்கள். 1969 அக்டோபரில் அப்பெண் கொல்லப்பட்டாள். ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் விதித்தது. அதுவரை கணித்தால் கௌரவம் என்றிருந்தது, அதன்பின் கணிக்கத் தவறினால் நஷ்டஈடு என்றாயிற்று.

இந்தப் போக்கின் உச்சி 1983-ஆம் ஆண்டின் பேர்ஃபுட் வழக்கு. டெக்ஸாஸ் மாகாணத்தில் மரண தண்டனை விதிக்க வேண்டுமானால், குற்றவாளி இனியும் வன்செயல் புரிந்து சமூகத்துக்கு அபாயமாக இருப்பான் என்று ஜூரிகள் முடிவு செய்ய வேண்டும். போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்ற தாமஸ் பேர்ஃபுட் வழக்கில், அவரை ஒருமுறையேனும் நேரில் பரிசோதிக்காத மனநல மருத்துவர் இருவர், கற்பிதமாக அமைத்த கேள்விக்கு விடையாக, அவர் மறுபடியும் வன்செயல் புரிவார் என்று சாட்சி சொன்னார்கள். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கிரிக்சன் அது நூற்றுக்கு நூறு நிச்சயம் என்றார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ, நெடுங்காலக் கணிப்புகளில் மூன்றில் இரண்டு பிழையாகின்றன என்று நீதிமன்றத்தில் தானே வலிய வந்து எழுதிக் கொடுத்தது. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் வித்தை இவ்விஷயத்தில் பயன்படாது என்று முறையிட, நீதிபதிகள் பயன்படும் என்று சாதித்த விந்தை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. குறுக்கு விசாரணையால் ஜூரிகள் உண்மையைப் பிரித்தறிந்துகொள்வார்கள் என்று ஆறு நீதிபதிகள் கருத, பிளாக்மன் உள்ளிட்ட மூவர் மறுத்தெழுதினார்கள். 1984 அக்டோபரில் பேர்ஃபுட்டுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிரிக்சனை அச்சங்கம் 1995-இல் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது.

சங்கம் எடுத்துக்காட்டிய, மூன்றில் இரண்டு பிழை என்ற அந்த அளவு, ஜான் மோனஹன் 1981-இல் வெளியிட்ட நூலில் இருப்பது. பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த அவர், கணிக்கவே முடியாது என்று கையை விரித்துவிடாமல், கணக்கு முறையும் சூழ்நிலை ஆராய்ச்சியும் சேர்ந்தால் நிலைமை சீர்படலாம் என்று வழியும் காட்டினார். அனுபவசாலியின் உள்ளுணர்வைவிடப் புள்ளிவிவரச் சூத்திரம் தாழ்ந்ததன்று என்று பால் மீல் 1954-லேயே எழுதியிருந்தார். அவ்வழியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஓக் ரிட்ஜ் என்ற பந்தோபஸ்து மருத்துவமனையில் இருந்த 618 ஆண்களின் பதிவேடுகளை ஆராய்ந்த ஹாரிஸ், ரைஸ், குயின்சி ஆகியோர், பன்னிரண்டு அம்சங்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் அட்டவணை ஒன்றை 1993-இல் அமைத்தார்கள். இளமையில் பெற்றோரைப் பிரிந்தது, பள்ளியில் அடங்காமை, குடிப்பழக்கம், மணமாகாமை, குற்றம் புரிந்த வயது ஆகியவை அவற்றுட் சில. ராபர்ட் ஹேர் வகுத்த சமூகவிரோத மனப்பான்மையின் அளவுகோல் எல்லாவற்றிலும் கனமானது. அவ்வட்டவணையில் ஒரு செய்தி எல்லோரும் அறியத்தக்கது. பொதுமக்கள் பெரிதும் அஞ்சும் மனச்சிதைவு நோய் இருந்தால், அந்த மதிப்பெண் கூடுவதில்லை, குறைகிறது.

இதைவிட விரிவான சான்று மெக்கார்தர் நிறுவன ஆதரவில் பிட்ஸ்பர்க், கான்சாஸ் நகர், வூஸ்டர் ஆகிய ஊர்களில் நடந்த ஆய்வினால் கிடைத்தது. மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்த 1,136 ஆண்களையும் பெண்களையும் ஓராண்டு காலம் பத்து வாரத்துக்கு ஒருமுறை சந்தித்துப் பேசி, அவர்களை நன்கறிந்தவரையும் விசாரித்து, போலீஸ், மருத்துவமனைப் பதிவுகளையும் ஒப்பிட்டு, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதிவுகளை மட்டும் பார்த்தால் வன்செயல் புரிந்தவர் நூற்றுக்கு 4.5, நோயாளரும் உற்றாரும் சொன்னதையும் சேர்த்தால் 27.5. ஆகவே பழைய ஆய்வுகள் வைத்தியரின் பிழையைச் சற்று மிகைப்படுத்தியிருக்கவும் கூடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், பிட்ஸ்பர்க்கில் அதே தெருக்களில் வசித்த மற்றவரோடு ஒப்பிட்டபோது, மதுவும் போதைப்பொருளும் அண்டாத மனநோயாளர் தம் அண்டை வீட்டாரைவிட அதிகமாக வன்செயல் புரியவில்லை. போதைப்பழக்கம் இரு சாராரிடமும் வன்செயலைப் பெருக்கியது. வன்செயலுக்கு இலக்கானவர் பெரும்பாலும் வழிப்போக்கர் அல்லர்; வீட்டாரும் நண்பருமே. இதற்கு ஐந்தாண்டு முன்பு பிட்ஸ்பர்க்கிலேயே லிட்ஸ் முதலானோர் நடத்திய ஆய்வு, பெண் நோயாளரைப் பற்றிய மருத்துவரின் கணிப்பு குருட்டு அதிர்ஷ்டத்தைவிட மேலானதன்று என்று காட்டியது. பெண்ணுக்கு வன்மை ஏது என்ற ஆண்களின் எண்ணம் மருத்துவ அபிப்பிராயமாக வேஷம் போட்டிருந்தது போலும்.

1995-இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் வெப்ஸ்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட எச்.சி.ஆர்.-20 என்ற முறை, கேள்வியையே மாற்றியதால் முக்கியமாகிறது. கடந்தகால வரலாறு பற்றிப் பத்து அம்சங்கள், தற்போதைய மனநிலை பற்றி ஐந்து, இனி வாழவிருக்கும் சூழல் பற்றி ஐந்து. இவற்றைக் கூட்டிப் பார்த்து ஆளுக்கு முத்திரை குத்தாமல், எந்த நிலையில், எவரிடத்தில், எவ்வளவு விரைவில் தீங்கு நேரலாம், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று வைத்தியர் சிந்தித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. குடியிருக்க இடமில்லாமை, மருந்தை நிறுத்துதல், ஆதரவற்றிருத்தல் ஆகியவை மாற்றக்கூடியவை. மண்டையோட்டை எவரும் மாற்ற முடியாது. இந்த முன்னேற்றத்தையும் மிகைப்படுத்தலாகாது. இத்தகைய கருவிகளை 73 தொகுதிகளில் அடங்கிய 24,827 பேரிடம் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி, ஃபாசெல் முதலானோர் 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, வன்குற்றம் புரியக்கூடியவர் என்று குறிக்கப்பட்டவரில் பின்னர் அதைப் புரிந்தவர் நூற்றுக்கு 41. அபாயம் குறைந்தவர் என்று குறிக்கப்பட்டவரில் புரியாதவர் 91. விடுவிப்பதற்கு நம்பத்தகுந்த இக்கருவிகள், அடைப்பதற்கு நம்பத்தக்கவை அல்ல.

நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம், பைத்தியத்தால் அபாயமானவர் என்று நம்பக் காரணமுள்ள எவரையும் போலீஸ் அதிகாரி கைது செய்ய வேண்டும் என்று விதித்திருந்தது. இன்று அமலில் உள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 89-ஆம் பிரிவில், சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு, அண்மையில் பிறரை வன்மையாகத் தாக்கியதோ, உடல்தீங்குக்கு அஞ்சச் செய்ததோ போன்ற நடந்த செயலைக் காரணமாகக் கேட்கிறது. இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்றும், முதற்காலம் முப்பது நாளுக்கு மேற்படலாகாது என்றும், மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டுப்படுத்துகிறது. ஆரூடத்தை விட்டு நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்ட இவ்விதியில், பாக்ஸ்ட்ராம் வழக்குக்குப் பின் உலகம் கற்றதன் சாரம் இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த அட்டவணைகளை மொழிபெயர்த்து நம் மருத்துவமனைகளில் பிரயோகிக்க எண்ணுவோர், முதலில் இங்குள்ள நோயாளரைக் கொண்டு அவற்றைச் சோதித்து, அபாயமானவர் என்று தவறாகக் குறிக்கப்படுபவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை வெளியிட வேண்டும். அந்த எண்ணிக்கை வெளிவரும் வரையில், அட்டவணை ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எவரையும் அடைத்து வைத்தல் கூடாது.