மணி அடித்தால் யார் என்று தெரிய வேண்டும்: காலர் ஐடி போனின் கதை

கறுப்பு நிறம், நல்ல கனம், நடுவில் விரல் விட்டுச் சுற்றுகிற வட்டம். இந்தியாவில் பல காலம் டெலிபோன் என்றால் இதுதான். யாரும் கடைக்குப் போய் நாலு மாடல் பார்த்து வாங்கியதில்லை. மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால், ஒரு நாள் லைன்மேன் வந்து மாட்டிவிட்டுப் போவார். பெட்டியும் தொலைபேசித் துறைக்குச் சொந்தம், கம்பியும் துறைக்குச் சொந்தம். வீட்டுக்காரருக்குச் சொந்தமானது பில் மட்டும்தான்!

அந்தப் பெட்டி மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்த செய்திக்கும், சாவுச் செய்திக்கும், ராங் நம்பருக்கும் ஒரே சத்தம். அதிலும் தெருவுக்கே ஒரு போன் வைத்திருந்த வீடுகளின் பாடு பெரும்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் விசிட்டிங் கார்டில் அந்த நம்பரைப் போட்டுப் பக்கத்தில் "பி.பி." என்று அச்சடித்திருப்பார்கள். மணி அடித்தால் அது தனக்கா, மூன்றாவது வீட்டுக்கா என்றுகூடத் தெரியாது.

கூப்பிடுகிறவருக்கு எதிர்முனையில் இருப்பது யார் வீடு என்று தெரியும். எடுக்கிறவருக்கோ "ஹலோ, யார் பேசறது?" என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெண் குரல் கேட்டதும் அசிங்கமாகப் பேசுகிறவன், மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைக்கிறவன், ராத்திரி இரண்டு மணிக்கு மிரட்டுகிறவன் எல்லோருக்கும் இந்த இருட்டு ரொம்ப வசதி. பழைய எக்ஸ்சேஞ்சில் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், லைனைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு ஊழியர்கள் இணைப்பை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கித் தேடிப்போக வேண்டும். அதற்கு முன்பே புகார் கொடுத்து வைத்திருக்கவும் வேண்டும்.

இந்த இருட்டில் விளக்குப் போட்ட கருவிதான் காலர் ஐடி. அது நம்மூர் வீட்டுக்கு வர இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டியிருந்தது. ஒன்று, போனை மக்களே தேர்ந்தெடுத்து வாங்கும் உரிமை. இரண்டு, கூப்பிடுபவரின் நம்பரை எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் திறமை.

முதலாவது கதை சின்னது. 1882-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊர்களிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது அதை நடத்தியது தனியார் கம்பெனி. பிறகு எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ.தான் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. வாங்குபவர் ஒரே ஆள் (துறை), செய்பவர் ஒரே ஆள். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 1984-ல்தான் சந்தாதாரர் வீட்டில் வைக்கும் கருவிகளைத் தயாரிக்கத் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் ஜெனரேட்டர் இறக்குமதிக்குத் தடை வந்ததால் பிழைப்பை இழந்திருந்த சுனில் மிட்டல் என்ற இளைஞர், தைவானில் பட்டன் போனைப் பார்த்துவிட்டு அந்தத் தொழிலில் இறங்கினார். பீட்டல் என்ற பெயர் இந்திய வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். ஏர்டெல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாவது கதைதான் பெரியது. அது இந்தியாவுக்கு வெளியே தொடங்குகிறது.

தியடோர் பராஸ்கேவாகோஸ் என்ற கிரேக்க எஞ்சினியர் 1968-ல் ஏதென்ஸில் இந்த யோசனையில் வேலை செய்ய ஆரம்பித்தார். 1974-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆன்சரிங் மெஷினுக்குப் பெயர்போன ஜப்பானியர் கசுவோ ஹஷிமோட்டோ 1976-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1980-ல் கிடைத்தது. பிரேசிலிலோ நெலியோ நிக்கோலாய் என்பவரைத்தான் காலர் ஐடியின் தந்தை என்பார்கள். அங்கே இந்தக் கருவிக்குப் பெயரே "பினா". இதில் யார் முதல் என்பதைவிட, எல்லோருக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான் என்பது முக்கியம். பழைய எக்ஸ்சேஞ்சில் கூப்பிடுபவரின் நம்பர் அவருடைய எக்ஸ்சேஞ்சுக்குத்தான் தெரியும், அதுவும் பில் போடுவதற்காக. எதிர்முனை எக்ஸ்சேஞ்சுக்கு "ஒரு கால் வருகிறது" என்பது மட்டுமே போய்ச் சேரும். குரல் போகும் பாதை வேறு, தகவல் போகும் பாதை வேறு என்று பிரித்த புதிய சிக்னல் முறை வந்த பிறகுதான் நம்பரும் கூடவே பயணம் செய்தது.

கடைசி கட்டம், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை. அதற்கு ஏற்கனவே இருக்கிற இரண்டு கம்பிதான் உண்டு. பெல் லேப்ஸின் கரோலின் டவுட்டி கண்டுபிடித்த வழி அழகானது. அமெரிக்காவில் மணி இரண்டு விநாடி அடித்து நாலு விநாடி சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் நம்பரை அனுப்பிவிடலாமே! 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பும் எஃப்.எஸ்.கே. முறை. அவருடைய காப்புரிமை 1985-ல் வந்தது. முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் நம்பர் வந்துவிடும். அவசரப்பட்டு முதல் மணியிலேயே எடுத்தால் நம்பர் கிடைக்காது.

1984 ஜூலையில் பெல்சவுத் கம்பெனி ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் சோதனை நடத்தியது. 1987-ல் நியூஜெர்சியில் சேவை ஆரம்பமானது. 1984-ன் தொடக்கத்தில்தான் ஏ.டி.&டி.யின் மோனோபோலி உடைந்திருந்தது. பிரிந்து வந்த உள்ளூர் கம்பெனிகளுக்குப் புது வருமானம் வேண்டும். நம்பர் ஏற்கனவே எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, அனுப்புவதற்குப் பெரிய செலவில்லை, சந்தாவோ மாதாமாதம். எந்த நிர்வாகிதான் விடுவார்?

ஆனால் விற்கப் போன இடத்தில் சண்டை வந்தது. இன்றைக்கு யோசித்தால் வேடிக்கையாகத் தோன்றலாம், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிவதில் என்ன தப்பு? ஆனால் எதிர்த்தவர்கள் வேலையில்லாதவர்கள் அல்ல. கணவனின் அடிக்குப் பயந்து காப்பகத்தில் ஒளிந்திருக்கும் பெண், பிள்ளைகளின் குரல் கேட்க வீட்டுக்கு ஒரு போன் போடுகிறாள். கணவன் முன்னால் காப்பகத்தின் நம்பர் பளிச்சென்று தெரிந்தால்? பெயர் சொல்லாமல் உதவி கேட்கும் மையத்துக்குப் போன் செய்கிறவன் கதி? வீட்டிலிருந்து நோயாளியைக் கூப்பிடும் டாக்டர்? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டைரக்டரியில் நம்பர் வராமல் இருக்க மாதாமாதம் அதே கம்பெனிக்குப் பணம் கட்டியவர்கள் பலர். ஒரு பக்கம் மறைப்பதற்குக் காசு, மறுபக்கம் காட்டுவதற்குக் காசு!

பென்சில்வேனியா மாநிலத்தில் விஷயம் நீதிமன்றம் ஏறியது. 1990-ல் காமன்வெல்த் நீதிமன்றம் இந்தச் சேவை மாநில ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1992-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் காலர் ஐடி உள்ளே வர முடிந்தது. கலிபோர்னியாவில் மறைக்கும் வசதியை முழு லைனுக்கும் தர வேண்டும் என்று 1992-ல் கட்டுப்பாட்டு ஆணையம் சொன்னது. அந்த நிபந்தனையில் சேவையே வேண்டாம் என்று பசிபிக் பெல் ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் மத்திய ஆணையமான எஃப்.சி.சி., 1995 டிசம்பரிலிருந்து நாடு முழுக்க நம்பர் அனுப்பப்பட வேண்டும், ஆனால் ஸ்டார் 67 அழுத்திவிட்டுப் பேசினால் இலவசமாக மறைக்கலாம் என்று வழி செய்தது. கலிபோர்னியாவுக்கு 1996-ல்தான் வந்தது.

அந்தத் தீர்வு முழுமையானது இல்லை. பயந்து ஓடுகிற பெண், ஒவ்வொரு முறையும் மூன்று பட்டனை ஞாபகமாக அழுத்த வேண்டும். ஒரு முறை மறந்தால் முடிந்தது. பாதுகாப்பின் பாரம் பாதுகாப்பு தேவைப்படுகிறவர் தலையிலேயே விழுந்தது.

பிரிட்டனில் 1994 நவம்பரில் பி.டி. இதை ஆரம்பித்தபோது, முதல் மணி அடிப்பதற்கு முன்பே நம்பரை அனுப்பும் வேறு முறை. டென்மார்க், ஸ்வீடன், பிரேசில் போன்ற நாடுகளில் இன்னொன்று: பட்டன் அழுத்தும்போது கேட்கும் அதே டி.டி.எம்.எஃப். ஒலிகளாகவே நம்பர் வரும். இந்தியாவில் அதிகம் பரவியதும் இந்த டி.டி.எம்.எஃப். முறைதான்.

நம்மூரில் வீட்டுக்கு போன் வாங்கப் போனவர் தலைவலி இங்கேதான் ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டுவந்த போன் அருமையாகப் பேசும், மணி அடிக்கும், நம்பர் மட்டும் காட்டாது! போனில் கோளாறு இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஒரு பாஷை பேசுகிறது, போனுக்கு வேறு பாஷைதான் தெரியும். அதனால்தான் இங்கே விற்ற பெட்டிகளின் மேல் "எஃப்.எஸ்.கே./டி.டி.எம்.எஃப்." என்று இரண்டையும் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். வாங்குபவர் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் பெட்டியின் கலர், பட்டனின் அழகு எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் முக்கியம்.

பேட்டரி அடுத்த சங்கதி. எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 48 வோல்ட் கம்பியில் வருகிறது. கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசியதன் ரகசியம் அதுதான். அங்கே பெரிய பேட்டரி வரிசையே இருக்கும். ஆனால் ரிசீவர் கீழே இருக்கும்போது அந்தக் கம்பியிலிருந்து பெயருக்குத்தான் கரண்ட் எடுக்கலாம், மீறி எடுத்தால் போனை யாரோ கையில் எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். அதனால் நம்பர் காட்டும் திரைக்குப் பெரும்பாலான மாடல்களில் மூன்று நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் திரை மங்கி நம்பர் போய்விடும், பேச்சு மட்டும் நடக்கும். கார்ட்லெஸ் போனின் கதை நேர் எதிர். அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு மின்சாரமே வேண்டும், மின்வெட்டில் மொத்தமாகப் படுத்துவிடும். தமிழ்நாட்டில் மின்வெட்டு பார்த்தவர்கள் சுருள் வயர் போனை விடாமல் வைத்திருந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

இங்கே காலர் ஐடி வந்ததும் எடுக்கும் பழக்கமே மாறியது. மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்த வீட்டில், முதலில் திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடன் கொடுத்தவர் நம்பர் என்றால் "அப்பா வெளியே போயிருக்காரு"! இரண்டு மணி அடித்து வைத்தால் "வந்து சேர்ந்துட்டேன்" என்று அர்த்தம், பைசா செலவில்லை. அசிங்கமாகப் பேசுகிறவன் மட்டும் புத்திசாலி, மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டான். நம்பர் தெரியும், ஆள் தெரியாது. திரை காட்டுவது ஒரு லைனைத்தானே தவிர ஒரு மனிதரை அல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் நடந்த அளவுக்கு இங்கே மறைக்கும் உரிமைக்காகச் சண்டை நடக்கவில்லை. நம்பரை மறைக்கும் வசதி பெற்றவர்களின் பட்டியலை விசாரணை அமைப்புகளுக்காக வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளின் உரிமத்திலேயே நிபந்தனை. போலீசுக்கு இது உதவும். காப்பகத்துப் பெண்ணைப் பற்றி அந்த நிபந்தனையில் ஒன்றும் இல்லை.

2004-ல் மொபைல் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியதும் நம்பர் பார்ப்பது எல்லோருக்கும் சாதாரணமாகிவிட்டது. அதே சமயம் நம்பரை நம்புவதும் கஷ்டமானது. இன்டர்நெட் வழியாகப் பேசும்போது எந்த நம்பரை வேண்டுமானாலும் போலியாகக் காட்டலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு அப்படிச் செய்வதைக் குற்றமாக்கி அமெரிக்காவில் 2010 டிசம்பரில் சட்டம் வந்தது. இந்தியாவில் விளம்பரக் கால்களுக்கு 2011-ல் 140 என்று தொடங்கும் வரிசையை ஒதுக்கினார்கள். நம்பரோடு பெயரையும் காட்ட வேண்டும் என்று டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது.

இப்போது பல ஊர்களில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுவிட்டார்கள். பழைய போனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஃபைபர் பெட்டியின் பின்னால் இருக்கும் போன் சாக்கெட்டில் சொருகினால் டயல் டோன் வரும். நம்பர் தெரியவில்லை என்றால், அந்தப் பெட்டியின் செட்டிங்கில் எஃப்.எஸ்.கே.யா டி.டி.எம்.எஃப்.பா என்று பார்த்து மாற்றச் சொல்ல வேண்டும். 48 வோல்ட் இனி தெருக்கோடி எக்ஸ்சேஞ்சிலிருந்து வராது. வீட்டில் கரண்ட் போனால், அந்தப் பெட்டிக்கு பேட்டரி வைக்காதவர்களுக்கு டயல் டோனும் இல்லை.