இளையோர் அமெரிக்கக் காற்பந்தாட்டம்

இளையோர் அமெரிக்கக் காற்பந்தாட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக, உயர்நிலைப் பள்ளிக்கு முந்தைய நிலையில் நடத்தப்படும் அமெரிக்கக் காற்பந்தாட்ட வடிவம் ஆகும். நாம் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டு அந்நாட்டில் சாக்கர் எனப்படுகிறது. இவ்விளையாட்டிலோ, இருமுனையும் கூர்மையான நீள்வடிவப் பந்து பெரும்பாலும் கையால் எடுத்துச் செல்லப்படுகிறது அல்லது எறியப்படுகிறது. பந்து வைத்திருப்பவரை மோதிப் பிடித்து வீழ்த்துவது ஆட்டத்தின் இயல்பு. எனவே வளரும் பிள்ளைகளின் தலையையும் கழுத்தையும் எவ்வாறு காப்பது என்ற கேள்வியே இதன் கவசங்களையும் விதிகளையும் தொடர்ந்து மாற்றி வந்துள்ளது.

தோற்றம்

1929 இல் பிலடெல்பியா நகரில் ஜோசப் டாம்லின் என்பவர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய கூட்டமைப்பு, 1934 இல் புகழ்பெற்ற பயிற்றுநர் கிளென் "பாப்" வார்னரின் பெயரைப் பெற்றது. வார்னர் அப்போது அந்நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். இக்கூட்டமைப்பு இன்றும் நாடு முழுவதும் இயங்குகிறது.

தலைக்கவசம்

கெட்டியான ஓடும் முகக்கம்பியும் கொண்ட தலைக்கவசம் பரவலான பின்னர், ஆட்டக்காரர்கள் அச்சமின்றித் தலையை முன்னிறுத்தி மோதத் தொடங்கினர். காக்க வந்த கவசமே தாக்கும் கருவியானது எனலாம். 1968 இல் மட்டும் எல்லா நிலைகளிலும் சேர்த்து 36 பேர் ஆட்டக் காயங்களால் உயிரிழந்தனர். இதன் விளைவாக 1973 இல் தலைக்கவசங்களுக்கான சோதனைத் தரம் வெளியிடப்பட்டது. 1980 முதல் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. இடையில், 1976 இல், தலையால் முதலில் மோதுவது விதிப்படி தடை செய்யப்பட்டது. இறப்புகள் பெருமளவு குறைந்தமைக்குத் தரம், விதி ஆகிய இரண்டுமே காரணம்.

அளவெடுக்கும்போது புருவத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளப்பர். ஆட்டப் பருவத்தில் முடி எந்த நீளத்தில் இருக்குமோ அந்த நீளத்திலேயே அளவெடுப்பது நல்லது. கவசத்தை அணிந்த பின் அதன் முன்விளிம்பு புருவத்திற்கு ஒன்று அல்லது இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். காதுத் துளைகள் காதுகளுக்கு நேராக அமைய வேண்டும். தாடைப் பஞ்சுகள் கன்னத்தை இடைவெளியின்றித் தொட வேண்டும். மோவாய்ப் பட்டை மோவாயின் நடுவில் அமர்ந்து, நான்கு முனைகளிலும் பூட்டப்பட வேண்டும்.

இறுதிச் சோதனை எளியது. முகக்கம்பியைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைக்கும்போது, நெற்றித் தோல் கவசத்துடன் சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்கக் கவசம் மட்டும் வழுக்கினால் அது பெரியது. பள்ளிச் சீருடையைப் போல அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓரளவு பெரிதாக வாங்குவது இங்கு ஆபத்தானது. பழைய கவசங்களைச் சீரமைத்துச் சான்றளிக்கும் நிறுவனங்களின் சங்கத்தினர் 10 ஆண்டுகளைக் கடந்தவற்றை ஏற்பதில்லை.

எவ்வளவு பொருத்தமாக அமைந்தாலும், தலைக்கவசம் முதன்மையாக மண்டையோட்டு முறிவு போன்ற கடுங்காயங்களைத் தடுக்கவே உதவுகிறது. மோதலின்போது மண்டையோட்டினுள் மூளை குலுங்குவதையும் சுழல்வதையும் அதனால் முற்றாகத் தடுக்க இயலாது. மூளை அதிர்ச்சி எனப்படும் காயம் இவ்வாறே நேர்கிறது.

பிற கவசங்கள்

தோள்கவசத்திற்கு ஒரு தோள் முனையிலிருந்து மறு முனை வரை முதுகுப்புறமாக அளவெடுப்பர். அது மார்பெலும்பையும் காறை எலும்புகளையும் மூட வேண்டும்; இரு கைகளையும் உயர்த்தும்போது கழுத்தை நெருக்கக் கூடாது. பல்காப்பு பெரும்பாலும் வெந்நீரில் இளக்கிக் கடித்து, பல் வரிசைக்கேற்ப வடிவமைக்கப்படுவது. நடுவரின் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் நிறமுடையதாக இருத்தல் பல கூட்டமைப்புகளில் விதி. இடுப்பு (2), வால் எலும்பு (1), தொடை (2), முழங்கால் (2) என ஏழு பஞ்சுகள் காற்சட்டையில் பொருத்தப்படும்.

ஆட்ட விதிகள்

அடிப்படை விதிகள் பெரியோர் ஆட்டத்தினவே. அணிக்கு 11 பேர். 100 கஜ நீள ஆடுகளம், இருபுறமும் 10 கஜ முடிவுப் பகுதிகள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில் 10 கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். முடிவுப் பகுதியை எட்டினால் 6 புள்ளிகள், களத்தில் இருந்து உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் 3 புள்ளிகள்.

வேறுபாடுகள் சிறுவருக்காகச் செய்யப்பட்டவை. 6 புள்ளிகளுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில், பெரியோர் ஆட்டத்தில் உதைக்கு 1 புள்ளியும் ஓட்டத்திற்கோ எறிதலுக்கோ 2 புள்ளிகளும் கிடைக்கும். பல இளையோர் கூட்டமைப்புகளில் இது தலைகீழ். சிறுவர்க்குத் துல்லியமாக உதைப்பதே கடினம் என்பது இதன் காரணம். பந்து சிறியது, கால்பகுதிகளின் நேரமும் குறைவு. மிகச் சிறிய பிரிவினரின் ஆட்டத்தில் பயிற்றுநர் களத்திலேயே நின்று வழிகாட்டலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கையிலான முயற்சிகளில் இறக்கப்பட வேண்டும் என்ற விதியும் பாப் வார்னர் அமைப்பில் உண்டு. திறமை குறைந்தவரும் ஆடியே ஆக வேண்டும் என்னும் இவ்விதி, இவ்விளையாட்டின் நல்ல மரபுகளுள் ஒன்று.

எடை முக்கியமான இன்னொரு காரணி. ஒரே வயதுடைய இரு சிறுவர்களில் ஒருவர் மற்றவரைப் போல் இருமடங்கு எடையுடன் இருக்கக்கூடும். இதனால் பல கூட்டமைப்புகள் வயதையும் எடையையும் சேர்த்தே பிரிவுகளை வகுக்கின்றன. சில இடங்களில் எடை மிகுந்தவர் தலைக்கவசத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு ஆடுவர். அவர் பந்தை எடுத்துச் செல்லக் கூடாது.

காயமும் விதி மாற்றங்களும்

2006 இல் வாசிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் தலையில் அடிபட்ட பின்னும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, மூளையில் கடுங்காயமடைந்தார். 2009 இல் அம்மாநிலம் இயற்றிய லிஸ்டெட் சட்டம் அவர் பெயரால் அமைந்தது. மூளை அதிர்ச்சி ஐயம் எழுந்தால் ஆட்டக்காரரை உடனே வெளியேற்ற வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரின் எழுத்துமூல ஒப்புதலின்றி மீண்டும் ஆடவிடக் கூடாது. 2014 இற்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

பாப் வார்னர் அமைப்பு 2012 இல் பயிற்சியில் மோதலுக்கான நேரத்தை மூன்றில் ஒரு பங்காகவும், 2016 இல் நான்கில் ஒரு பங்காகவும் வரையறுத்தது. 2016 இலேயே மிக இளைய மூன்று பிரிவுகளில் தொடக்க உதை நீக்கப்பட்டது. இரு அணியினரும் நெடுந்தொலைவு ஓடிவந்து மோதுவது அதில்தான் மிகுதி. 2019 இல் அதே பிரிவுகளில், ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தி நிற்கும் நிலையும் விலக்கப்பட்டது.

மோதலே இல்லாத கொடிக் காற்பந்தாட்டத்தில், வீழ்த்துவதற்குப் பதிலாக இடுப்பில் தொங்கும் துணிக்கொடி பறிக்கப்படுகிறது. 2023 இல் இவ்வடிவம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிகளில் சேர்க்கப்பட்டது.